ரெண்டு முக்கூடல்!

நெல்லை பஸ் ஸ்டாண்டில் ‘முக்கூடல்’ என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் உங்களை மேற்கே, பீடிக்குப் பேர்போன ஊரில் இறக்கிவிடுவார். தமிழ் எம்.ஏ. படித்த நண்பர்களே, மூன்று ஆறு எங்கே என்று அங்கே தேடாதீர்கள்! முக்கூடற்பள்ளு பாடுகிற முக்கூடல் கிழக்கே இருக்கிற சீவலப்பேரி. தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாறு மூன்றும் கூடும் இடம். (ஆமாம் ஸார், 1994-ல் நெப்போலியன் ‘பாண்டி’யாக வந்தாரே, அதே ஊர்தான்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு என்றால், என் ஓட்டு பீடி முக்கூடலுக்கே. திண்ணையில் பெண்கள் மடியில் முறத்தோடு உட்கார்ந்து இலை சுற்றுகிற வேகத்தைப் பார்த்தால், நம் ஆபீஸ் டைப்பிஸ்ட் வெட்கப்படுவார். ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலிக் கணக்கே ஆரம்பம்.

அப்புறம் முத்துமாலை அம்மன் கோயில், பக்கத்திலேயே ஆறு. துண்டு, எண்ணெய் மறக்கவேண்டாம். ஆனால் தலைகீழாகப் பாய்கிற வீரம் வேண்டவே வேண்டாம். தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து நல்லகண்ணு தாமே கோர்ட்டில் வாதாடி, 2010-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் தடை வாங்கினார். அள்ளின இடத்துப் பள்ளம் மேலே தெரியாது. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் இருக்கும்.

படித்துறையில் துவைக்கிற பெரியவரிடம், “அண்ணாச்சி, எங்கன ஆழம்?” என்று கேளுங்கள். அவர் கைகாட்டுகிற பக்கம் போகாதீர்கள்.