வண்டியோடு போகும் அடுப்பு

தாராவியில் விடியும் முன்பே இட்லி வெந்துவிடுகிறது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல வீட்டிலேயே மாவரைத்து, பெரிய கொப்பரையில் தட்டுத் தட்டாக அவித்து, சூடு ஆறாமல் அலுமினியப் பாத்திரத்தில் நிரப்பிவிடுகின்றன. வியாபாரி அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி தெருத் தெருவாகப் போகிறார். அந்தச் சைக்கிளில் சாம்பார் இருக்கும், சட்னி இருக்கும், அடுப்பு இருக்காது. கொஞ்ச தூரத்தில் மாட்டுங்காவில் தள்ளுவண்டியில் தோசை வார்ப்பவருக்கோ அடுப்பில்லாமல் பிழைப்பே இல்லை. இரண்டுமே நகரும் சமையலறைகள்தான். ஒருவர் நெருப்பை வீட்டில் விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் எடுத்துப் போகிறார். மற்றவர் நெருப்பையே கூட்டிக்கொண்டு போகிறார். எந்தப் பண்டத்துக்குச் சூடு போதும், எதற்கு நெருப்பு வேண்டும் என்ற இந்தப் பாகுபாடு, கேரவனுக்கோ நெடும்பயண வேனுக்கோ அடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு மிகவும் தேவையானது. மகாராஷ்டிர அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே வகுத்திருக்கிறது. கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் வேன் பேசிக்கொண்டு போகும் குடும்பங்களுக்கோ வழியில் சமைத்துச் சாப்பிடுவது புதிதல்ல. கடைகளில் இதற்கான அடுப்புகளும் பெருகிவிட்டன. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, எந்த அடுப்பு அதிகமாக எரியும் என்பதைத்தான். எவ்வளவு குறைவாக எரித்தால் நம் சமையல் முடியும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை கிலோ அரிசியையும் ஒரு லிட்டர் தண்ணீரையும் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 375 கிலோஜூல் வெப்பம் போதும். இரண்டு கிலோ எடையுள்ள அலுமினியக் குக்கரும் சேர்ந்து சூடாக வேண்டும். அதற்கு இன்னொரு 130 கிலோஜூல். ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் சுமார் 46,000 கிலோஜூல் இருக்கிறது. அதில் அறுபது சதவீதம் பாத்திரத்தில் ஏறினாலும், சோறு கொதி வர 20 கிராம் எரிவாயுகூடத் தேவையில்லை. அதற்குப் பிறகு அரிசிக்கு வேண்டியது புதிய வெப்பம் அல்ல, ஏறிய சூடு இறங்காமல் இருப்பது. அரிசியின் மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி வெந்துவிடும் தன்மை கொண்டது. கொதி வந்த பின்னும் நாம் எரிக்கும் நெருப்பில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கவும், தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்பவும்தான் செலவாகிறது. இதில் ஆவிதான் பெரிய செலவாளி. 100 மில்லி கொதிநீரை ஆவியாக்க ஆகும் வெப்பத்தைக் கொண்டு, முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். மூடியில்லாத பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்க விட்டுச் சமைக்கிறவர், வழியில் கிடைப்பதற்கு அரிதான எரிபொருளைக் காற்றுக்குக் கொடுக்கிறார்.

ஆகவே பயணத்துக்கான முதல் கருவி பிரஷர் குக்கரும், கொதி வந்த பாத்திரத்தைச் சூடாறாமல் உள்ளே வைத்து மூடும் தெர்மல் குக்கரும். அடுப்பு அதற்கு அடுத்துத்தான். கொதி வந்த சோற்றை அப்படியே உள்ளே இறக்கி மூடிவிட்டால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெந்துவிடும். ஊறவைத்த துவரம்பருப்பைக் குக்கரில் இரண்டு விசில் விட்டு இறக்கி வைத்தாலும் மிச்ச வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். குக்கருக்குள் அழுத்தம் முழுதாக ஏறும்போது தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மலைப்பயணத்தில் இதன் அருமை இன்னும் தெரியும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதால், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீயை ஏற்றினாலும் 93 டிகிரியைத் தாண்டாது, பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும். மணிக்கணக்காக மூடி வைத்த சாப்பாடு கெட்டுப்போகாதா என்று கேட்பது நியாயமே. சோற்றில் பிழைத்துக்கிடக்கும் சில பாக்டீரியா வித்துகள் கொதிநிலைக்கும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது முளைத்துப் பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் அவை பெருகுவதில்லை. காலையில் மூடியதை மதியம் ஆவி பறக்கச் சாப்பிடுவதில் பயமில்லை. இரவு மூடியதை மறுநாள் காலையில் திறந்து சாப்பிடுவதுதான் தவறு. தாராவி இட்லி காலை நேரத்துக்குள் விற்றுத் தீர்வதற்கு வியாபாரக் காரணம் மட்டுமல்ல, இந்த நல்ல காரணமும் உண்டு.

இனி நெருப்பு கட்டாயம் வேண்டும் என்ற பக்கம். தோசை, சப்பாத்தி, தாளிப்பு மூன்றையும் எந்தத் தெர்மல் குக்கரும் செய்யாது. ஆனால் இங்கும் பெரிய தீயைவிடக் கனமான கல்தான் வேலை செய்கிறது. ஒரு கரண்டி மாவு ஏறக்குறைய 80 கிராம். அதைச் சூடாக்கி, அதிலுள்ள நீரில் 30 கிராமாவது ஆவியாகிப் போனால்தான் தோசை சிவக்கும். இதற்குத் தோராயமாக 90 கிலோஜூல் ஆகும். ஐந்து கிலோ இரும்புக் கல் இந்த வெப்பத்தைத் தன் இருப்பிலிருந்தே கொடுத்தால்கூட 40 டிகிரிதான் இறங்கும். ஒரு கிலோ எடையுள்ள மெல்லிய கல்லோ தன்னிடமுள்ள சூட்டை முழுவதும் இழந்துவிடும்; அதற்குக் கீழேயிருந்து தீ இடைவிடாமல் ஊட்ட வேண்டும். வெட்டவெளியில் தீ அப்படி நிலையாக நிற்காது. காற்று அடிக்கும்போது சுடர் சாய்கிறது, சூடான புகைவாயு பாத்திரத்தின் அடியைத் தொடும் முன்பே விலகிப் போகிறது, எரிவாயு மட்டும் அதே வேகத்தில் தீர்கிறது. மும்பைத் தள்ளுவண்டிகளில் பர்னரைச் சுற்றித் தகரத் தடுப்பு கட்டியிருப்பதற்கும், கல் அவ்வளவு தடிமனாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கேம்பிங் பொருள்கள் என்று விற்கப்படும் பல அடுப்புகள் முதுகில் மூட்டை சுமந்து மலையேறுகிறவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. அவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பாரம். வேனில் போகிற குடும்பத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐந்து கிலோ கல்லை வண்டி சுமக்கும். மெலிந்த கால்களில் ஆடும் உயரமான அடுப்பில் பத்துப் பேருக்கான சாம்பாரை ஏற்றுவது, எடை குறைவு என்ற பயனற்ற லாபத்துக்காக வாங்கிக்கொள்ளும் ஆபத்து.

எரிபொருளுக்கு வருவோம். செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1954-லும் 1955-லும் ஸ்டான்வாக் (பின்னாளில் எஸ்ஸோ), பர்மா ஷெல் நிறுவனங்களின் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. இன்று அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் வசம் உள்ளன. 1950-களின் நடுவில் பர்மா ஷெல் மும்பையில் சிலிண்டர் எரிவாயுவை விற்கத் தொடங்கியதுதான் இந்தியாவில் அதன் தொடக்கம். எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதற்கு இணையான பயண எரிபொருள் வரவில்லை என்பது என் முடிவு. மின்சார யுகத்தில் இன்டக்‌ஷன் இருக்க எரிவாயு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதில் தீ இல்லை, புகை இல்லை, வெப்பத்தில் 85 சதவீதம்வரை பாத்திரத்திலேயே ஏறுகிறது. மின்இணைப்பு தரும் முகாமில் அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் மின்இணைப்பு இல்லாத இடத்தில் பேட்டரியை நம்ப வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கும். பேட்டரி கெடாமலிருக்க அதில் பாதியைத்தான் தொடலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவே 0.2 யூனிட் போய்விடும். 1,500 வாட் அடுப்பு அந்தப் பேட்டரியிலிருந்து 130 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரண வயரிங் அதைத் தாங்காது. ஐந்து கிலோ சிலிண்டரில் அடங்கிய எரிவாயு தரும் பயனுள்ள வெப்பத்தை லித்தியம் பேட்டரியில் எடுத்துப் போக வேண்டுமானால் அதன் எடை 400 கிலோவை நெருங்கும். கரி அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மும்பை பேக்கரிகளும் உணவகங்களும் விறகையும் கரியையும் கைவிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றமே கெடு விதித்தது. அணைந்ததுபோல் தெரியும் கரியை வண்டிக்குள் எடுத்து வைப்பதோ உயிருக்கே உலை வைக்கும்.

ஸ்ப்ரே டப்பாவைப் போல நீளமான பியூட்டேன் டப்பாவைப் பக்கவாட்டில் செருகும் அடுப்பைத்தான் இன்று பலர் விரும்பி வாங்குகிறார்கள். பார்க்க அழகு, பெட்டிக்குள் அடங்கும், டீ போட மிகப் பொருத்தம். இதற்கு இரண்டு குறைகள். பியூட்டேன் கொதிப்பது பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே. திரவம் வாயுவாக மாறும்போது டப்பாவும் குளிர்ந்துகொண்டே போவதால், மூணாறு, கொடைக்கானல் குளிரில் தீ சோர்ந்துவிடும். புரோப்பேனும் கலந்த சிலிண்டர் எரிவாயுவுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இரண்டாவது குறைதான் தமிழ்ச் சமையலுக்குப் பெரிய அபாயம். அகலமான தோசைக்கல்லை இந்த அடுப்பில் வைத்தால் அதன் விளிம்பு டப்பா இருக்கும் அறைக்கு மேலே நீண்டு, கீழ்நோக்கிச் சூட்டை அனுப்பும். டப்பா சூடாகச் சூடாக உள்ளே அழுத்தம் ஏறி, அது வெடிக்கவும் கூடும். அளவு மீறிய பாத்திரத்தை வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை நம் வீடுகளில் யாரும் தோசைக்கல்லோடு சேர்த்துப் படிப்பதில்லை.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த அந்தப் பெட்டிக்குள் விதியை மீறி எரிவாயு சிலிண்டர் ஏற்றப்பட்டிருந்தது. நெருப்பை வண்டிக்குள் கொண்டுபோவதன் விலையை இதைவிடக் கொடுமையாக எந்தச் சம்பவமும் சொல்ல முடியாது. இதன் இயற்பியல் எளிமையானது. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். காற்றில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்துக் கன மீட்டர் கொள்ளளவுள்ள வேனில் 400 கிராம் சீராகப் பரவினால் அந்த அளவு வந்துவிடும்; தரையோரம் தேங்கும்போது இன்னும் குறைவான கசிவே போதும். சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்பார்கள். சன்னல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, வாயு கணுக்காலில் கிடக்கிறது. நல்ல கேரவன்களில் சிலிண்டருக்கென்று உட்புறத்தோடு தொடர்பில்லாத தனி அறையும் அதன் அடியில் திறப்பும் வைப்பது இதற்காகத்தான். மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்ஸைடையும் உண்டாக்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டும் அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. ஆகவே அடுப்பை வண்டிக்கு வெளியேதான் பற்றவைக்க வேண்டும். அப்படியானால் மும்பையின் மழைக்காலத்தில் வெளியே எப்படிச் சமைப்பது என்ற கேள்விக்கு என் பதில், அன்றைக்குச் சமைக்க வேண்டாம் என்பதுதான். காலையில் புறப்படும் வீட்டிலோ தங்கிய விடுதியிலோ வேகவைத்துத் தெர்மல் குக்கரில் இறக்கிய சோறு இருந்தால், மழைக்குப் பயந்து வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கத் தேவை வராது.

வாங்க வேண்டியது இதுதான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, அகலமான அடிப்பாகத்தோடு தாழ்வாக நிற்கும் ஒற்றை பர்னர் அடுப்பு, எண்ணெய் நிறுவனங்களே விற்கும் ஐந்து கிலோ சிலிண்டர், அதற்குரிய ரெகுலேட்டர், அடுப்பையும் சிலிண்டரையும் தள்ளி வைக்கும் அளவு நீளமான தரமான டியூப், மூன்று பக்கம் மடியும் தகரத் தடுப்பு. சிலிண்டரின் தலையிலேயே பர்னரைத் திருகும் வகை மலிவுதான். ஆனால் அதைச் சுற்றித் தடுப்பு வைத்தால் சூடாவது சிலிண்டர், உச்சியில் கனமான கல்லை வைத்தால் எல்லாமே கவிழும். தெருமுனைக் கடையில் எடை பார்த்து நிரப்பித் தரும் பெயரில்லாச் சிலிண்டரை எவ்வளவு அவசரத்திலும் வாங்காதீர்கள். நிறுவனச் சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஆங்கிலத்தின் முதல் நான்கு எழுத்துகளில் ஒன்றும் ஓர் ஆண்டும் எழுதியிருக்கும்: முதல் எழுத்து ஜனவரி முதல் மார்ச், இரண்டாவது ஏப்ரல் முதல் ஜூன், இப்படி நான்கு காலாண்டுகள். அடுத்த பரிசோதனைக்குரிய காலம் அது. அந்தக் காலாண்டு கடந்திருந்தால், சிலிண்டரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.