உழுத வயலைத் தேடிவரும் பறவைகள்

கச்சான் காற்று ஓய்ந்து வாடை தலைகாட்டும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் திருகோணமலைக்கு வெளியூர்ப் பறவைகள் வந்து சேர்கின்றன. பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலமும் இதுவே. ஏரோ உழவு இயந்திரமோ வயலில் இறங்கியதும், புரண்ட மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டு வாலை ஆட்டியபடி பின்னால் ஓடிவரும் சிறு குருவியை அறியாத விவசாயி எவரும் இருக்க முடியாது. வாலாட்டி என்று நாம் அழைக்கும் அந்தக் குருவி எங்கிருந்து வருகிறது, ஏன் உழுத வயலைத் தேடி வருகிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஊரில் இருந்த காலத்தில் அதற்கு நேரமும் இருக்கவில்லை.

இன்று வயலை விட்டு வந்து நகரத்திலும் உறவினர் காணிகளிலும் வாழ்கின்ற எமது குடும்பங்களுக்கு அந்த நேரம் விரும்பாமலே கிடைத்திருக்கிறது. பறவைகளைப் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. நாம் விட்டுவந்த நிலத்தைப் பற்றிய ஒரு முக்கியமான செய்தியை அவை கொண்டுவருகின்றன. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்தில் எங்கே பார்க்கலாம்?

பறவைகளைப் பார்க்கத் தூரப் பயணம் தேவையில்லை. அதிகாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரமே சிறந்தது. வெயில் ஏறியபின் பறவைகள் இலைமறைவில் ஒதுங்கிவிடும்.

பிரடெரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வீதியில் பழைய மரங்கள் நிழல் தருகின்றன. புள்ளிமான்கள் அங்கே நடமாடுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். இத்தகைய மரநிழலைத்தான் காட்டுப் பறவைகள் நாடும். ஆறுமணிக்குருவி காய்ந்த சருகுகளைக் கிளறிப் புழு தேடும். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த மார்பு, வாலின் அடியிற் சிவப்பு எனப் பல நிறம் கொண்ட அந்தச் சிறு பறவை, விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அப்பெயர் பெற்றது. இரவிற் பறந்துவந்து களைத்துப்போய், சில வேளைகளில் வீட்டுத் திண்ணையிலும் பாடசாலை வகுப்பறையிலும் விழுந்து கிடக்கும். அதைக் கண்டால் ஒரு கடதாசிப் பெட்டியில் இருட்டாக வைத்துவிட்டு, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள். கறுத்த தலையும் வெள்ளை உடலும் நாடா போன்ற நீண்ட வாலும் கொண்ட ஆண் பறவை ஒன்றைக் கண்டால் அது அரசவால் ஈப்பிடிப்பான். இலங்கையிலேயே வாழும் இதன் இனத்தவை செந்நிற உடல் கொண்டவை. வெள்ளை உடலோடு தெரிவது கடல் கடந்து வந்தது.

மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும் பிளவுபட்ட வாலுடைய தகைவிலான்கள், வேலிக்கம்பில் தனியாக இருந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும் பழுப்பு நிறக் கீச்சான், திறந்த புல்வெளிகளில் ஓடி ஓடி நிற்கும் பொன்னிறப் புள்ளிகள் கொண்ட உப்புக்கொத்தி ஆகிய எல்லாம் இப்பருவத்தின் வரவுகளே. கடற்கரையோரம் நின்றால் ஆலாக்களைக் காணலாம்.

ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும். கோட்டையிலும் துறைமுகத்தைச் சுற்றியும் படைத்தளங்கள் உள்ளன. தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதனைத் தளங்களின் பக்கம் திருப்பாதிருப்பது நல்லது. பெரும்பாலான பறவைகளுக்கு வெறும் கண்ணே போதும்.

எங்கிருந்து, எப்படி?

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கிறது. கீச்சானும் உப்புக்கொத்தியும் சைபீரியா வரையுள்ள வடநிலங்களிலிருந்து வருகின்றன. அங்கே பனிக்காலம் தொடங்கினால் பூச்சியும் புழுவும் மறைந்துவிடும், சேறு உறைந்துவிடும். குளிர் தாங்காமல் என்பதைவிட, உணவு இல்லாமற் போவதால்தான் அவை புறப்படுகின்றன. புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக் கொள்வதுண்டு. கதிரவன், விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு திசை அறிகின்றன.

இலங்கைக்கு அவை வரும் வழிகள் மூன்று எனக் கூறுவர். இந்தியாவின் மேற்குக் கரையோரமாக ஒன்று, கிழக்குக் கரையோரமாக ஒன்று, அந்தமான் பக்கமாக மற்றொன்று. கிழக்கு வழியில் வருபவற்றுக்குப் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள கோடியக்கரை ஒரு முக்கிய தங்குமிடம். அது 1967இல் சரணாலயமாக்கப்பட்டது. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடல் மட்டுமே இருப்பதால், பெரும்பாலான பறவைகளுக்கு இத்தீவே பயணத்தின் முடிவிடம். ஓகஸ்ட் மாதத்தில் சேற்றுப் பறவைகள் முதலில் வரும். ஏப்ரல் மாதமளவில் பெரும்பாலானவை திரும்பிவிடும்.

ஒரு சிறு பறவையின் ஆற்றலுக்கு எல்லை எது? 2022 ஒக்டோபரில், பட்டைவால் மூக்கன் என்னும் சேற்றுப் பறவையின் ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றர் தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமற் பறந்து கடந்தது. உடலிற் பொருத்தப்பட்ட சிறு கருவி மூலம் இது அறியப்பட்டது. இதே இனம் சிறு எண்ணிக்கையில் இலங்கைக் கரைகளுக்கும் வருகிறது. மன்னாரிலும் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கடற்காகங்களுக்கு இத்தகைய கருவி பொருத்தினார்கள். அவை வட துருவத்தை அண்டிய ரஷ்ய நிலம் வரை சென்றன.

திருகோணமலையிற் பறவை பார்ப்பது புதிய பழக்கமும் அன்று. பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரியான வில்லியம் வின்சன்ட் லெக் 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றினார். திருகோணமலையிலும் அவர் தங்கியிருந்தார். அவர் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல் இன்றும் ஆய்வாளர்களாற் புரட்டப்படுகிறது. இலங்கைப் பறவைக் கழகம் 1943இலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த களப் பறவையியல் குழு 1976இலும் தோன்றின. ஆயினும் எந்தக் குளத்தில் எந்தப் பறவை எந்த மாதம் இறங்கும் என்பதை இவர்கள் எல்லோருக்கும் முன்னரே அறிந்திருந்தவர்கள் நமது வயற்காரரும் மீனவருமே. அவர்கள் அதை எழுதிவைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

வலசையும் இடம்பெயர்வும்

பறவைகளின் பருவப் பயணத்துக்குத் தமிழில் வலசை என்று பெயர். பழைய அகராதிகள் இச்சொல்லுக்குப் பகைவர் படைக்கு அஞ்சிக் குடிமக்கள் ஊரைவிட்டு வெளியேறுதல் என்ற பொருளையும் தருகின்றன. எனவே பறவைக்கும் நமக்கும் ஒரே சொல் வழங்குவது இன்று நேற்று ஏற்பட்டதன்று.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பறவை தன் காலத்திற் புறப்படுகிறது, தன் காலத்தில் திரும்புகிறது. நாம் நம் காலத்திற் புறப்படவில்லை. கொக்கிளாய்க் களப்பின் தென்புறத்தே உள்ள தென்னமரவாடி மக்கள் 1984இல் வெளியேறினார்கள். 2009இல் போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்பத் தொடங்க முடிந்தது. சம்பூர் மக்கள் 2006இல் வெளியேறினார்கள். அவர்களது காணிகள் 2015இலும் 2016இலும் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. இந்த ஆண்டுகளில் ஒவ்வோர் ஐப்பசியிலும் பறவைகள் அந்த ஊர்களுக்கு வந்தன. உழுது வைத்த வயல் மட்டும் அங்கே இருக்கவில்லை.

பற்றைக்காடும் வயலும்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. உரியவர் இல்லாத வயலுக்கு என்ன நேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முதலில் வரம்பு உடைகிறது, நீர் தங்குவதில்லை. பிறகு புல்லும் கோரையும், அதன்பின் பற்றையும் முள்ளும், இறுதியில் மரமும் முளைக்கின்றன. குளக்கட்டு உடைந்தால் கீழுள்ள வயல்வெளி முழுவதும் வறண்டுபோகிறது. பல ஆண்டுகளின் பின் திரும்பிவரும் குடும்பம் தன் வயலைக் காடாகக் காண்கிறது. சில இடங்களில் வன எல்லைக் கல்லும் நடப்பட்டிருக்கிறது. 'இது இப்போது காடு, பறவைகளும் விலங்குகளும் வாழுமிடம்' என்ற பதிலும் கிடைக்கிறது. ஆகவே பறவை என்ற சொல்லையே சந்தேகத்துடன் பார்க்கும் விவசாயிகளை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்களைக் குறை கூற முடியாது.

ஆனால் பறவைகளைக் கேட்டால் அவை என்ன சொல்லும்? உள்ளான்கள், மூக்கன்கள், உப்புக்கொத்திகள், மஞ்சள் வாலாட்டிகள் ஆகியவற்றுக்கு வேண்டியது பற்றைக்காடு அன்று. ஆழமற்ற நீர், மென்மையான சேறு, சுற்றிலும் திறந்த வெளி ஆகியனவே அவற்றுக்கு வேண்டும். உள்ளானின் நீண்ட அலகு சேற்றைத் துழாவுவதற்காக அமைந்தது. இறுகிய நிலத்தில் அது பயன்படாது. பதுங்கிவரும் பகையைத் தூரத்திலேயே காண்பதற்குச் சேற்றுப் பறவைகள் பல திறந்தவெளியை நாடுகின்றன. நீர் வற்றிய குளத்தின் ஓரமும், சேறடித்த வயலும், மாடு மேய்ந்த களப்பங்கரையும் அவற்றுக்குச் சோற்றுப்பானை. இவை மூன்றும் விவசாயியின் உழைப்பால் நிலைத்திருப்பவை. பறவைகள் பசியோடு வந்திறங்கும் வேளையும், நாம் வயலில் நீர் கட்டும் வேளையும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைவதைக் கவனியுங்கள்.

மரமும் பற்றையும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆறுமணிக்குருவிக்கும் ஈப்பிடிப்பானுக்கும் நிழல் வேண்டும். நமது முன்னோர் குளத்தின் மேற்புறக் காட்டையும், கட்டோரத்து மருத மரங்களையும், களப்போரத்துக் கண்டற் காட்டையும் விட்டுவைத்தே வயல் செய்தார்கள். அந்த ஒழுங்கில் இரு வகைப் பறவைக்கும் இடம் இருந்தது. எனவே மீளக் குடியேறும் விவசாயி பறவைகளின் பகைவன் என்ற கூற்று முழு உண்மையன்று. வயலைப் பழைய ஒழுங்கோடு செய்யும் விவசாயியை எதிர்பார்த்தே பல பறவைகள் வருகின்றன.

சரணாலயம் என்ற சொல் பற்றியும் தெளிவு தேவை. கொக்கிளாய்க் களப்பு 1951இலும், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவு 1963இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. புறாமலை 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றல்ல. சட்டப்படி தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும். சரணாலயத்தின் எல்லைக்குள் தனியார் காணியும் அடங்கலாம், அதனால் அக்காணியின் உரிமை இல்லாமற் போவதில்லை. உங்கள் ஊர்க் காணியைப் பற்றி எவராவது பேசும்போது, அது எந்த வகையான அறிவிப்பு, எந்த ஆண்டு வெளியான வர்த்தமானி, எல்லை எதுவரை என்று கேட்டறிவது உங்கள் உரிமை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒரு பாடசாலைக் கொப்பி எடுத்து எழுதத் தொடங்குங்கள். திகதி, இடம், பறவை, எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் வாலையும் எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டு படம் வரையச் செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதற்கு உள்ளூரில் இருந்து பார்ப்பவர்களின் குறிப்பு பெரிதும் பயன்படும்.

இரண்டாவது, அதே கொப்பியின் பின்பக்கத்தில், ஊரில் இருந்த முதியவர்களைக் கேட்டு உங்கள் வயலைப் பற்றி எழுதுங்கள். வயல்வெளியின் பெயர், நீர் வந்த குளம், வாய்க்கால், அயல் வயற்காரர், எந்த மாதம் எந்தப் பறவை இறங்கியது என்பன எல்லாம் இடம்பெறட்டும். இது உறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் ஈடாகாது. அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பதே முதற் கடமை. ஆயினும் அந்த நிலம் காடாக அல்ல, வயலாக இருந்தது என்பதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டி வரும்போது, நினைவிலிருந்து தடுமாறுவதை விட எழுத்தைப் பார்த்துப் பேசுவது மேல். முதியவர்கள் மறைந்தால் இந்த விபரங்களும் மறைந்துவிடும்.

மூன்றாவது, திரும்பிச் சென்று வயல் செய்பவர்கள் வரப்புகளில் நஞ்சு கலந்த தானியம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அது எலியோடு நில்லாது, எலி தின்னும் ஆந்தையையும் கொல்லும். உள்ளானுக்கும் கொக்குக்கும் கண்ணி வைப்பதும் அப்படியே. வறுமையால் அப்படிச் செய்பவர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரு வேளைக் கறிக்காகப் பிடிபடும் பறவை, உயிரோடிருந்தால் ஒரு போகம் முழுவதும் நம் வயலிற் பூச்சி பொறுக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஐப்பசியில் நகரத்து மின்கம்பியிலோ கோட்டை வீதியிலோ ஒரு புதிய பறவையைக் கண்டால், அருகில் நிற்கும் பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள். நகரத்திற் பிறந்த அந்தப் பிள்ளை உங்கள் ஊர் வயலைக் கண்டிராமல் இருக்கலாம். அந்தப் பறவை உங்கள் வயலில் எங்கே இறங்கும், எந்த வரம்பில் ஓடும், அந்த வரம்புக்கு அப்பால் யாருடைய காணி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.