லிங்கன்: ஃபோர்டு வீட்டின் செல்லப்பிள்ளை கார் பட்ட பாடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்று ஒரு ஊர். ஃபோர்டு கம்பெனியின் சொந்த ஊர். அங்குள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு நீளமான கருப்பு லிங்கன் கார் நிற்கிறது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அதிபர் ஜான் எஃப். கென்னடி சுடப்பட்டபோது அவர் உட்கார்ந்திருந்த கார் அதுதான்.

ஆனால், அன்றைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காரைப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். படத்தில் கார் திறந்திருக்கும். அருங்காட்சியகத்தில் கூரை இருக்கிறது. அன்று அதன் நிறம் கருநீலம், இன்று கருப்பு. காரணம், அந்தக் கார் கொலைக்குப் பிறகு ஓய்வு பெறவில்லை. கவசத் தகடு, குண்டு துளைக்காத கண்ணாடி, கழற்ற முடியாத கூரை, கருப்பு பெயின்ட் என்று ஆளே மாறி மறுபடியும் வெள்ளை மாளிகை வேலைக்கே வந்து சேர்ந்தது. ஜான்சன், நிக்சன், ஃபோர்டு, கார்ட்டர் என்று நான்கு அதிபர்கள் காலத்தைப் பார்த்துவிட்டுத்தான் 1977-இல் ஓய்வு பெற்றது.

செத்தது என்று நினைக்கும்போது வேறு உருவத்தில் எழுந்து வருவது லிங்கனுக்குப் புதிதல்ல. அந்த பிராண்டின் நூறு வருஷக் கதையே அப்படித்தான் இருக்கிறது.

முதலில் கேடிலாக், அப்புறம் லிங்கன்

ஹென்றி லேலண்ட் என்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பழகியவர். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி பிசகினாலும் பொருளைத் தூக்கிப் போடும் ரகம்.

1902-இல் இளைஞர் ஹென்றி ஃபோர்டு தன் முதலீட்டாளர்களோடு சண்டை போட்டுக்கொண்டு, தன் பெயரிலேயே இருந்த கம்பெனியை விட்டு வெளியேறினார். மிச்சமிருந்த இயந்திரங்களை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்த முதலீட்டாளர்கள், மதிப்புப் போட லேலண்டைக் கூப்பிட்டார்கள். வந்தவர், ‘ஏன் விற்கிறீர்கள்? என்னிடம் நல்ல இன்ஜின் இருக்கிறது, கார் செய்யலாமே’ என்று பேச்சையே மாற்றிவிட்டார். அந்தக் கம்பெனிதான் கேடிலாக் ஆனது. 1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கியது.

முதல் உலகப் போர் நேரத்தில் விமான இன்ஜின் தயாரிப்பது தொடர்பாக ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்லியம் டூரன்ட்டோடு லேலண்டுக்கு மோதல். 1917-இல், 74 வயதில், வேலையை உதறிவிட்டு மகன் வில்ஃப்ரெடோடு புதுக் கம்பெனி தொடங்கினார். பெயர்: லிங்கன். 1864 தேர்தலில் தன் முதல் ஓட்டை ஆபிரகாம் லிங்கனுக்குப் போட்டவர் அவர். அந்த மரியாதைதான்.

போருக்காக 6,500 லிபர்ட்டி விமான இன்ஜின்களைச் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவ்வளவு பெரிய தொழிற்சாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார்தான். 1920-இல் ‘மாடல் எல்’ வந்தது. வி8 இன்ஜின், பொறியியல் எல்லாம் முதல் தரம். பாடியைப் பார்த்தால் மட்டும் பத்து வருஷப் பழைய கார் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு அமெரிக்காவில் பொருளாதார மந்தம். 1921 நவம்பரில் கம்பெனி திவால் நிலைக்குப் போனது.

1922 பிப்ரவரியில் நீதிமன்ற ஏலத்தில் 80 லட்சம் டாலருக்கு அதை எடுத்தவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டு. 20 வருஷத்துக்கு முன்பு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரின் கம்பெனி இப்போது ஃபோர்டின் கையில். லேலண்டும் மகனும் தொடர்ந்து நடத்துவார்கள் என்ற பேச்சு ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் மாதமே இருவரும் வெளியே. பழைய பங்குதாரர்களுக்குப் பணம் தருவதாக ஃபோர்டு வாக்களித்தார் என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். பலிக்கவில்லை. இதைப் பழிவாங்கல் என்று எழுதுபவர்கள் உண்டு. ஆனால், வாங்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் ஃபோர்டின் ஒரே மகன் எட்ஸலும் ஒருவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு மாடல் டி, மகனுக்கு லிங்கன்

எட்ஸல் ஃபோர்டு கம்பெனியின் தலைவர் என்று பெயர்தான். அவர் எடுத்த முடிவுகளை அப்பா ஆட்கள் முன்னாலேயே மாற்றுவார். வண்டி ஓடினால் போதும், அழகு எதற்கு என்பது அப்பாவின் கட்சி. மகனுக்கு ஓவியம், வடிவமைப்பு என்றால் உயிர். அந்த வீட்டில் எட்ஸலுக்கென்று அப்பா அதிகம் தலையிடாமல் விட்ட மூலை ஒன்று உண்டென்றால், அது லிங்கன்.

லேலண்டின் நல்ல இன்ஜினுக்கு நல்ல உடம்பு வேண்டும் என்பதை எட்ஸல் முதலில் புரிந்துகொண்டார். லெபாரன், ப்ரன், ஜட்கின்ஸ் போன்ற பாடி கட்டும் நிறுவனங்களிடம் வேலையைக் கொடுத்தார். அதிபர் கூலிட்ஜ் காலத்திலேயே லிங்கன் வெள்ளை மாளிகைக்குள் போய்விட்டது. 1930-களில் 12 சிலிண்டர் ‘மாடல் கே’ வந்தது. என்ன பயன்? நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். அந்த விலைக்குக் கார் வாங்க ஆள் இல்லை.

பிராண்டைக் காப்பாற்றியது, 1936 மாடலாக வந்த ‘செஃபர்’. விலை சுமார் 1,275 டாலர். அதிலும் 12 சிலிண்டர்தான், ஆனால் ஃபோர்டின் சாதாரண வி8 இன்ஜினை ஒட்டிச் செய்தது. சூடேறுகிறது, எண்ணெய் குடிக்கிறது என்று புகார்கள் வந்தன. ஆனாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது போன்ற அந்த உருவத்துக்காகவே வாங்கினார்கள். முதல் வருஷமே லிங்கன் விற்பனை பல மடங்கு ஏறியது.

விடுமுறைக்காகச் செய்த கார்

1938-இல் எட்ஸல் தன் வடிவமைப்பாளர் பாப் கிரிகரியைக் கூப்பிட்டு, ஃப்ளோரிடா விடுமுறைக்குத் தனக்கென்று ஒரு கார் வேண்டும் என்றார். ஐரோப்பாவில் பார்த்த கார்கள் மாதிரி, அதாவது ‘கான்டினென்டல்’ ஆக இருக்க வேண்டும். செஃபரின் வரைபடத்தின் மேலேயே காகிதத்தை வைத்து, பானட்டை நீட்டி, உயரத்தைக் குறைத்து, ஸ்டெப்னி டயரைப் பின்பக்கம் வெளியே நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் படம் போட்டுவிட்டார் கிரிகரி என்பார்கள்.

1939 மார்ச்சில் பாம் பீச் கடற்கரையில் அந்தக் காரைப் பார்த்த பணக்கார நண்பர்கள், ‘எங்களுக்கும் ஒண்ணு’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். சந்தை ஆய்வும் இல்லை, கமிட்டியும் இல்லை. லிங்கன் கான்டினென்டல் பிறந்தது இப்படித்தான். ‘தி காட்ஃபாதர்’ படத்தில் சுங்கச்சாவடியில் சன்னி சுட்டுத் தள்ளப்படும் காட்சியில் சல்லடையாகும் கார் 1941 கான்டினென்டல்தான். 1951-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் உலகம் முழுவதிலிருந்தும் எட்டே எட்டு கார்களைத் தேர்ந்தெடுத்துக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. அதிலும் இது இருந்தது.

அந்தப் பெருமையைப் பார்க்க எட்ஸல் இல்லை. 1943-இல் வயிற்றுப் புற்றுநோயால் 49 வயதில் இறந்துவிட்டார். கான்டினென்டல் தயாரிப்பு 1948-இல் நின்றது.

மகனின் காரை மீட்க வந்த பேரன்

எட்ஸலின் கடைசி மகன் வில்லியம் க்ளே ஃபோர்டு, அப்பாவின் காரைத் திரும்பக் கொண்டுவரக் கிளம்பினார். அதற்காகவே தனிப் பிரிவு. 1956 மாடலாக ‘கான்டினென்டல் மார்க் 2’ வந்தது. அக்காலத்தில் பளபள குரோமும் வால் துடுப்பும் இல்லாமல் அமெரிக்கக் கார் ஏது? மார்க் 2-இல் இரண்டும் கிட்டத்தட்ட இல்லை. விலை சுமார் 10,000 டாலர். எல்விஸ் பிரெஸ்லி, ஃப்ராங்க் சினாட்ரா வாங்கினார்கள். கையால் இழைத்து இழைத்துச் செய்ததில், விற்ற ஒவ்வொரு காருக்கும் கம்பெனிக்குச் சுமார் 1,000 டாலர் கைநஷ்டம் என்பது கணக்கு. இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 3,000 கார்களோடு கதை முடிந்தது. இது தோல்வி என்று கணக்குப்பிள்ளை சொல்லலாம். ஆனால், லிங்கன் செய்ததிலேயே நேர்த்தியான கார் எது என்று கேட்டால், பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

அடுத்து வந்தது நேர் எதிர். 1958 லிங்கன், நீளம் 5.8 மீட்டர். முன்பக்கம் கோணலாக நான்கு விளக்கு. மூன்று வருஷத்தில் 6 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பேசாமல் லிங்கனை மூடிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போனது.

அப்போது ஃபோர்டில் பெரிய பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் மெக்னமாரா. பின்னாளில் வியட்நாம் போரை நடத்திய அதே பாதுகாப்பு அமைச்சர்தான். செலவு விஷயத்தில் கறார் பேர்வழி. வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல், தண்டர்பேர்டு காருக்காக ஒரு களிமண் மாதிரி செய்து வைத்திருந்தார். அதைப் பார்த்த மெக்னமாரா, இதையே நான்கு கதவு வைத்து லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். 1961 கான்டினென்டல் அங்கிருந்து வந்தது.

முந்தைய காரைவிட ஒரு அடிக்கும் மேல் நீளம் குறைவு. பக்கவாட்டில் தேவையில்லாத ஒரு கோடு கிடையாது. பின்கதவுகளின் கீல் பின்பக்கம் இருக்கும். அதாவது முன்கதவும் பின்கதவும் அலமாரிக் கதவுபோல எதிரெதிராகத் திறக்கும். ஸ்டைலுக்காக அப்படிச் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், மாதிரி காரில் பின்சீட்டிலிருந்து இறங்கும்போது கால் கதவில் இடித்ததுதான் காரணம். ஒவ்வொரு இன்ஜினையும் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு காரையும் 12 மைல் சாலையில் சோதித்தார்கள், 24 மாத வாரன்ட்டி கொடுத்தார்கள். அன்றைய அமெரிக்காவில் அது பெரிய விஷயம்.

கென்னடியின் காரும் இந்த மாடலை நீட்டிச் செய்ததுதான். அது ஃபோர்டு கம்பெனியின் சொத்து. வருஷம் 500 டாலர் வாடகைக்கு அரசுக்குக் கொடுத்திருந்தார்கள். கழற்றி மாட்டும் கண்ணாடிக் கூரை ஒன்று இருந்தது. அது குண்டைத் தடுக்கும் கூரை அல்ல.

மார்க் 3-க்கு அப்புறம் மார்க் 3?

1960-களின் நடுவில் லீ அயகோக்கா ஒரு ராத்திரி வடிவமைப்புத் தலைவருக்கு போன் போட்டு, தண்டர்பேர்டு காரில் ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி கிரில் வையுங்கள் என்றார். அவ்வளவுதான், ஐடியா. 1968 ஏப்ரலில் ‘மார்க் 3’ வந்தது. இதில் ஒரு வேடிக்கை. 1958-லேயே ஒரு மார்க் 3 வந்து, அதற்கப்புறம் 4, 5 என்று போய்விட்டது. அந்தத் தோல்விக் கார்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று, எண்ணிக்கையை மறுபடி 3-இலிருந்து தொடங்கிவிட்டார்கள்!

கார் சக்கைப்போடு போட்டது. மார்க் 4-இல் கார்ட்டியே, ஜிவான்ஷி, புச்சி என்று ஃபேஷன் உலகப் பெயர்களில் ஸ்பெஷல் எடிஷன்கள். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகும் மார்க் 5 கிட்டத்தட்ட 5.85 மீட்டர் நீளத்தில் வந்து நன்றாகவே விற்றது. சிறிய கார் வேண்டும் என்று 1977-இல் கொண்டுவந்த ‘வெர்ஸாய்’ எடுபடவில்லை. அது ஃபோர்டு கிரனாடாவுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

1981-இல் தனி மாடலான ‘டவுன் கார்’ வேறு கதை. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், லாரிபோலத் தனி சேஸிஸ், வி8 இன்ஜின், மெத்தை மாதிரி சீட், பெட்டிகளை விழுங்கும் டிக்கி. விமான நிலைய வாசலில் நிற்கும் கருப்பு வாடகைக் கார் என்றால் இதுதான் என்று ஆனது. டிரைவர்களுக்குப் பிடித்தது, சொந்தமாக வாங்க நினைத்த இளைஞர்களுக்கு, ‘தாத்தா கார்’, ‘டாக்ஸி’ என்று தோன்றியது. 2011 ஆகஸ்ட்டில் கனடாவின் ஒன்டாரியோவில் கடைசி டவுன் கார் வெளியே வந்தது.

எஸ்யூவி வந்தது, பெயர் தொலைந்தது

1997-இல் ‘நேவிகேட்டர்’ வந்ததும் நிலைமை தலைகீழ். கேடிலாக்கிடம் அப்போது பெரிய எஸ்யூவி இல்லை. 1998-ஆம் ஆண்டு விற்பனையில் வெறும் 222 கார் வித்தியாசத்தில் லிங்கனை முந்தியதாக கேடிலாக் அறிவித்தது. சில மாதம் கழித்து, டிசம்பர் கணக்கில் 4,773 கார்களைக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஜெனரல் மோட்டார்ஸே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. லேலண்ட் தொடங்கிய இரண்டு பிராண்டுகளுக்குள் இப்படி ஒரு பங்காளிச் சண்டை.

வெற்றி தலைக்கேறியதோ என்னவோ, 2002 மாடலாக ‘பிளாக்வுட்’ என்று ஒரு பிக்கப் விட்டார்கள். சாமான் ஏற்றும் பின்பக்கத்தில் கார்பெட் விரித்திருந்தார்கள். மூட்டை ஏற்றவும் மனசு வராது, சும்மா வைத்திருக்கவும் முடியாது. அமெரிக்காவில் ஒரே மாடல் வருஷத்தோடு முடிந்தது.

பெரிய தவறு அதற்கப்புறம்தான். அதே 2002-இல் கான்டினென்டல் பெயரைக் கைவிட்டிருந்தார்கள். 2006 மாடலாகத் திரும்பி வந்த செஃபர் பெயரையும் ஒரே வருஷத்தில் தூக்கிவிட்டு ‘எம்கேஇஸட்’ என்று மாற்றினார்கள். முதலில் அதை ‘மார்க் இஸட்’ என்று படிக்கச் சொன்னார்கள். யாரும் படிக்கவில்லை. சரி, ‘எம்-கே’ என்றே சொல்லுங்கள் என்று இறங்கிவந்தார்கள். தொடர்ந்து எம்கேஎக்ஸ், எம்கேஎஸ், எம்கேடி, எம்கேசி. எது செடான், எது எஸ்யூவி என்று வாங்குபவர்களுக்கே குழப்பம். அறுபது எழுபது வருஷம் சம்பாதித்த பெயர்களைப் பரணில் போட்டுவிட்டு, ஜெர்மன் கம்பெனிகளைப் பார்த்து எழுத்து வைத்ததன் பலன்.

2017 மாடலாகக் கான்டினென்டல் மூன்றாவது முறை வந்தது. 2019-இல், 80-வது ஆண்டுக்காக 80 கார்களை மட்டும் ஆறு அங்குலம் நீட்டி, 1961 காரைப் போலவே எதிரெதிராகத் திறக்கும் கதவுகளோடு விற்றார்கள். விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். உடனே விற்றுத் தீர்ந்தது. ஆனால், சாதாரண கான்டினென்டலை வாங்கத்தான் ஆள் குறைவு. 2020-இல் அதையும் நிறுத்தினார்கள். எம்கேஇஸட் செடானும் அதே வருஷம் போனது.

அதற்குப் பிறகு அமெரிக்க லிங்கன் ஷோரூமில் மிஞ்சிய கோர்ஸேர், நாட்டிலஸ், ஏவியேட்டர், நேவிகேட்டர் என்ற நான்கும் எஸ்யூவிகளாகவே இருந்தன. எழுத்துப் பெயர்கள் ஒன்றுகூட இல்லை. 2024 மாடல் நாட்டிலஸ் சீனாவின் ஹாங்ஜோ தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தது. எட்ஸலின் காலத்துச் செஃபர் பெயரில் புதிதாக ஒரு செடானும் வந்திருக்கிறது. அது விற்பது சீனாவில் மட்டும்.