பந்தியில் விடுபட்டவர்கள்

(ஞாயிறு காலை வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம் ஒரு மனத்தாங்கலோடு தொடங்குகிறது. எருசலேம் திருச்சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் முறையாகக் கவனிக்கப்படவில்லை. முணுமுணுப்பு எழுகிறது. "யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே" என்று திருத்தூதர்கள் சமாதானம் சொல்லி அனுப்பிவிடவில்லை. எல்லாரையும் கூட்டி, எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கும் அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய பெண்கள் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலத் தெரிகிறது. குருமடத்தில் இதைத் திருத்தொண்டர் பணியின் தொடக்கம் என்று படித்துத் தேர்வும் எழுதினேன். இத்தனை பேர் இருந்தும் அவர்கள் எப்படி விடுபட்டார்கள் என்று நான் கேட்டதோ, ஒரு பங்கில் சூடுபட்ட பிறகுதான்.

அந்தப் பங்கில் ஒரு குடும்பம். கணவர் பெயிண்டர். சனிக்கிழமை கூலியில் பாதி டாஸ்மாக்கில் முடிந்துவிடும். மனைவி இரண்டு இடங்களில் குழுக் கடன் வாங்கியிருந்தார். ஒன்றின் தவணையை மற்றதில் வாங்கிக் கட்டுவார். இரண்டும் தவறுகிற வாரம் கந்து வட்டி. மூத்த பையன் எட்டாம் வகுப்போடு நின்று ஒரு மெக்கானிக் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தான். சின்னப் பெண் புதுநன்மை வகுப்புக்கு வருவாள், வந்து தூங்கி விழுவாள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் மாதாமாதம் அரிசி கொடுத்தார்கள். கன்னியர் நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். அன்பியத்தார் அந்த வீட்டில் செபமாலை சொன்னார்கள். நானும் ஒருமுறை பணம் கொடுத்தேன். ஆனால் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. அரிசி கொண்டுபோனவருக்குக் கடன் தெரியாது. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டு மாடிப்படியில் படுத்தாள் என்பது மறைக்கல்வி ஆசிரியைக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியாது. தெரியாமலேயே ஒரு ஞாயிறு குடியைப் பற்றியும் பொறுப்பில்லாத பெற்றோரைப் பற்றியும் கடுமையாகப் பிரசங்கம் வைத்தேன். அடுத்த வாரம் முதல் அந்தத் தாய் கோவிலுக்கு வரவில்லை. அரிசியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்ட வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தவணைக்காரர் வாசலில் உட்காருவதால் வீட்டில் சண்டை. சண்டை முற்றினால் அவர் இன்னும் குடிக்கிறார். குடித்தால் மறுநாள் வேலை இல்லை. கூலி வராததால் பையன் பட்டறைக்குப் போகிறான். வீட்டுக்குப் பணம் தருகிற பையன் அப்பா சொல் கேட்பதில்லை. இதில் பிள்ளை வளர்ப்பை மட்டும் தனியே எடுத்து அறிவுரை சொல்லி என்ன ஆகப்போகிறது? பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று அந்தத் தாய்க்குத் தெரியாமல் இல்லை. மற்ற வீடுகளில் பிள்ளையைப் படிக்க வைக்கிற இரவு எட்டு மணிக்கு, அவர் தெருவில் கேட்கும் காலடிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

வழி திறந்தது ஓய்வுபெற்ற ஒரு சத்துணவு அமைப்பாளரால். அதே அன்பியத்தைச் சேர்ந்த அம்மா. தன் கணவரை அழைத்துக்கொண்டு, கையில் அரிசிப் பை இல்லாமல் அந்த வீட்டுக்குப் போனார். "உங்களுக்கு முதல்ல எது தீரணும்மா?" என்று கேட்டார். குடி என்ற பதிலைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம். "தவணைக்காரங்க வாசல்ல வந்து உக்காராம இருந்தா போதும்" என்றாராம்.

அங்கிருந்துதான் தொடங்கினோம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்த ஒருவர் கடன்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி, உடன் போய்ப் பேசித் தவணையைக் குறைத்து வாங்கினார். கந்து வட்டியைத் தடைசெய்யும் தமிழக அரசின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துச் சொன்னதும் வட்டிக்காரரின் குரல் இறங்கியது. கணவரை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய் சத்தியம் வாங்கலாம் என்று நான் சொன்னேன். நல்லவேளை, அரசு மருத்துவர் தடுத்தார். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். மருத்துவமனையில் சேர்த்தோம், பிறகு ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பினோம். இருமுறை மறுபடியும் குடித்தார். அந்த அம்மாவும் அவர் கணவரும் போவதை நிறுத்தவில்லை. பையன் பள்ளிக்குத் திரும்பவில்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே இடம் தரும் பிரிவுகள் ஐ.டி.ஐ.யில் உண்டு என்று கண்டுபிடித்து, வெல்டர் பிரிவில் சேர்த்தார்கள்.

1833-இல் பாரிஸ் நகரில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தோழர்களோடு தொடங்கியபோது ஃபிரெடரிக் ஓசானாமுக்கு வயது 20. ஏழைகளின் வீடுகளை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அருட்சகோதரி ரொசாலி ராந்து. இருவர் இருவராக வீடு சந்திப்பதுதான் அச்சபையின் மூல வழக்கம். நம் பங்குகள் பலவற்றில் சந்திப்பு போய் அரிசி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று சொன்னால் சபையார் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலும், தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார், போதையில் சிக்கிய இளையோர் போன்றோரைத் தாங்கும் பெரிய குடும்பமாக உறவினரும் அயலாரும் இருக்கக் கேட்கிறது.

அன்பியப் பொறுப்பாளர்கள் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வட்டாரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. கைம்பெண்கள், கைவிடப்பட்ட தாய்மார் ஆகியோரின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. உதவி பெறுவோரின் பெயரைக் கோவிலில் வாசிக்க வேண்டாம், பை கொடுத்துப் படம் எடுக்கவும் வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு குழந்தை அடிபடுகிறது, அல்லது யாரோ தகாத முறையில் தொடுகிறார்கள் என்று தெரிந்தால், குடும்ப மானம் என்று அன்பியத்துக்குள் பேசி முடிக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் எனத் தெரிந்தும் புகார் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அது யார் வீடானாலும், குற்றம் செய்தவர் எந்த உடை உடுத்தியவரானாலும் 1098-ஐ அழையுங்கள்.

அந்தத் தாய் எட்டு மாதம் கழித்துக் கோவிலுக்கு வந்தார். கடைசியில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, அன்னைக்குப் பிரசங்கத்துல எங்களைத்தான சொன்னீங்க?" என்று கேட்டார். "இல்லம்மா, உங்க வீட்டைப் பத்தி எனக்கு அப்ப எதுவுமே தெரியாது" என்றேன். "தெரிஞ்சிருக்கலாமே சாமி" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.