வலியை வரவழைத்தல்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை நம் தமக்கையிடமிருந்து செய்தி வந்தது. அவளுடைய மூத்த பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். 38 வாரம் நிறைந்திருக்கிறது. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் காணப்படுவதால், வலி வருவதற்கு ஏற்பாடு செய்யப் போகிறார்கள் என்பதே செய்தி. தாய்மாமன் என்ற உரிமையோடு நாமும், பாட்டி என்ற அதிகாரத்தோடு நம் தாயாரும், பிளாஸ்கில் கஞ்சியும் பை நிறையப் பழம் புடவைத் துணிகளுமாகப் பஸ் ஏறினோம். மாலைக்குள் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது நம் உத்தேசம். குழந்தை பிறந்ததோ சனிக்கிழமை விடியற்காலையில்!

இடையிலிருந்த இரண்டு நாட்களும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பேசப்படாத பேச்சு இல்லை. "மருந்து வேலை செய்யவில்லை" என்றார் ஒருவர். "வலி தானாக வராதா? அதற்குள் என்ன அவசரம்?" என்றார் நம் தாயார். சம்பந்தி வீட்டார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் நட்சத்திரம் நன்றாயிருக்கும் என்றார்கள். பட்டதாரி என்று பெயர் படைத்த நாமும் அதைக் கேட்டு ஒரு கணம் மனத்துக்குள் கணக்குப் போட்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "மாமா, வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லையே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை!"

அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதுகிறோம். நம் வீடுகளில் அடுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போகவிருக்கும் பெண்களும், தாழ்வாரத்தில் காத்திருக்கப் போகும் பெரியவர்களும் படித்து வைத்துக்கொள்ளட்டும்.

முதலில், ஏன் அவசரம் என்ற நம் தாயாரின் கேள்வி. பத்து மாதம் சுமப்பது என்று நம்மவர்கள் சொல்வது 28 நாள் கொண்ட மாதக் கணக்கு. பத்து மாதத்துக்கு 280 நாள், அதாவது 40 வாரம். வைத்தியர்களின் கணக்கும் அதுவேதான். குழந்தை அந்த நாளுக்குச் சற்று முன்னோ பின்னோ பிறப்பது சகஜம். ஆனால் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் கண்டுவிட்டால், அந்த நோய்க்கு வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நஞ்சு வெளியேறாமல் நோய் தீராது. அழுத்தத்தைத் தணிக்க மருந்துண்டு. நோயைத் தீர்ப்பது பிரசவம் ஒன்றே. கவனியாமல் விட்டால் இழுப்பு வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகும். 37 வாரம் கடந்துவிட்டபடியால் குழந்தை வெளியுலகுக்குத் தயார். பிறகு காத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. வலி காணாமல் பனிக்குடம் உடைந்துவிட்டாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், குழந்தை சரியாக வளராவிட்டாலும் இதே போன்ற யோசனைதான்.

நாள் கடந்து போவது மற்றொரு காரணம். 41 வாரம் நிறைந்தது நிச்சயமானால் வலியை வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. ஸ்வீடன் தேசத்தில் ஏறக்குறைய 2,760 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு 41 வாரத்திலும் மற்றவர்களுக்கு 42 வாரம் வரை காத்திருந்தும் செய்து பார்த்தார்கள். காத்திருந்த பிரிவில் 6 சிசுக்கள் மாண்டன. மற்றதில் ஒன்றுகூட இல்லை. ஆராய்ச்சியை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவுகள் 2019-ல் வெளியாயின. ஆகையால் முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் செய்து நாள் கணக்கைச் சரியாகக் குறித்துக்கொள்வது அவசியம்.

இனி முறைகளுக்கு வருவோம். இதில் எல்லாவற்றுக்கும் ஆதாரமான விஷயம் ஒன்று உண்டு. வலியை வரவழைப்பது என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும், வேலை இரண்டு. கர்ப்பப்பையின் வாய் மாதக்கணக்கில் இறுக மூடிக் கெட்டியாக இருப்பது. அதை மிருதுவாக்கிச் சற்றே திறக்கச் செய்வது முதல் வேலை. பிறகு கர்ப்பப்பையைச் சுருங்கி விரியச் செய்து, குழந்தையைக் கீழே தள்ள வைப்பது இரண்டாவது. நேரம் பிடிப்பது பெரும்பாலும் முதல் வேலைதான். அப்போது வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். வியாழக்கிழமை முழுவதும் நாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வைத்தியரைக் குறை கூறிக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்தது இந்த வேலைதான்!

வாய் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பதற்கு மார்க்குப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. 1964-ல் பிஷப் என்ற அமெரிக்க வைத்தியர் வகுத்தது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மிருதுவா கெட்டியா, எத்திசையில் இருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து கேள்வி. மொத்தம் 13 மார்க்கு. 8-க்கு மேல் வாங்கியவளுக்குத் தானாக வலி கண்டவளைப் போலவே பிரசவம் ஆகக்கூடும். 6-க்கு மேற்படாதவளுக்கு முதலில் வாயைப் பக்குவப்படுத்தியாக வேண்டும். நம் மருமகள் வாங்கியது 2! இருபது வருஷமாக விடைத்தாள் திருத்தி வரும் நமக்கு அந்த எண் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கியிருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

பக்குவப்படுத்தும் முறைகளில் மிக எளியது சவ்வை விலக்குதல். வைத்தியர் உறையணிந்த விரலால் கர்ப்பப்பை வாயின் உட்புறத்தைச் சுற்றித் தடவி, ஒட்டியிருக்கும் சவ்வைப் பிரித்துவிடுவார். சில நிமிஷ வேலைதான். ஆனால் அந்த நிமிஷங்கள் சங்கடமானவை. பிறகு கொஞ்சம் ரத்தக்கசிவும், விட்டு விட்டு வலியும் காணலாம், பயப்பட வேண்டியதில்லை. பலருக்கு இதனால் இரண்டொரு நாளில் வலி தொடங்குவதுண்டு, சிலருக்குப் பலிப்பதில்லை.

அடுத்தது ஃபோலி குழாய். மூத்திரம் இறங்குவதற்காக ஃபோலி என்பவர் ஆக்கிய ரப்பர்க் குழாயைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, அதன் நுனியிலுள்ள சிறு பலூனில் நீரை நிரப்பிவிடுகிறார்கள். அது உள்ளிருந்து மெள்ள அழுத்தி வாயைத் திறக்கிறது. போதிய அளவு திறந்ததும் தானே நழுவி விழுந்துவிடும். மருந்து ஒன்றும் உடம்பில் சேராதபடியால், வலி மிதமிஞ்சிப் போகும் அபாயம் இதில் குறைவு. நர்ஸ் வந்து "ஃபோலி போட்டிருக்கிறது" என்று சொன்னதும் நம் தாயார், "போலியா? இத்தனை பணம் வாங்கிக்கொண்டு அசல் போடக்கூடாதா?" என்று கேட்டாரே, அதற்கு அந்த நர்ஸ் சிரித்த சிரிப்பு தாழ்வாரத்தின் மறு கோடி வரையில் கேட்டது.

மூன்றாவது, புராஸ்டகிளாண்டின் வகை மருந்துகள். இயற்கையாக வாய் பக்குவப்படும்போது உடம்பே சுரக்கும் பொருள் இது. டைனோபிராஸ்டோன் என்பதைக் களிம்பாக உள்ளே வைப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்து வேண்டுமானால் மறுபடியும் வைப்பார்கள். மிசோபிராஸ்டால் என்ற மாத்திரை வயிற்றுப் புண்ணுக்காக உண்டாக்கப்பட்டது. விலை மிகவும் குறைவு. களிம்பைப் போலக் குளிர்பெட்டி வேண்டாம். பிரசவத்துக்கு 25 மைக்ரோகிராம் வீதம் இரண்டு மணிக்கு ஒரு தரம் வாய் வழியாகக் கொடுக்கலாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரையோ 200 மைக்ரோகிராம்! ஆகவே இதை வீட்டில் வைத்து யாரும் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது. குளிர், காய்ச்சல், வாந்தி ஆகியவை காணக்கூடும். வலி ஓயாமல் அடுத்தடுத்து வந்து குழந்தையின் இருதயத் துடிப்பைப் பாதிப்பதும் உண்டு. முன்பு ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவளுக்குப் பழைய தழும்பு பிளக்கும் அபாயம் உள்ளதால் மிசோபிராஸ்டாலைக் கொடுப்பதில்லை.

குழாய் மேலா, மாத்திரை மேலா? நமது நாட்டில் நாகபுரியிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். ரத்த அழுத்த நோயுள்ள 602 கர்ப்பிணிகளில் 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள், மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 57 பேர். குழாய் வைத்தவர்களில் 47 பேர். 2017-ல் வெளியான இந்த முடிவில் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. எந்த முறையானாலும் நூற்றில் நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்குள் அவ்விதம் ஆகவில்லை! முதற் பிரசவத்தில் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆவது தோல்வியல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

வாய் பக்குவப்பட்ட பிறகு இரண்டாவது வேலை. பனிக்குடத்தைச் சிறு கொக்கியால் கீறி உடைப்பார்கள். குடத்துக்கு உணர்ச்சி இல்லை. வெதுவெதுப்பான நீர் குபுக்கென்று வெளியேறுவது மட்டும் தெரியும். நீர் தெளிவாக இருக்கிறதா, பச்சை நிறமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தலை இறங்காதபோது உடைத்தால் தொப்புள்கொடி முந்திக்கொண்டு நழுவக்கூடும் என்பதால் சமயம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

பிறகுதான் ஆக்ஸிடோஸின். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சத்து கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று 1906-ல் ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டார். அந்தப் பொருளைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டிய அமெரிக்க ரசாயன நிபுணர் வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சலைன் நீரில் கலந்து, சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றி, அரை மணிக்கு ஒரு தரம் அளவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பத்து நிமிஷத்தில் மூன்று, நான்கு தரம் வலி வந்தால் போதுமானது. ஐந்துக்கு மேற்பட்டால் சொட்டைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். நிறுத்தினால் சிறிது நேரத்தில் வேகம் தணிந்துவிடும். சொட்டாகக் கொடுப்பதன் ரகசியமே இதுதான். பிரசவத்துக்கு முன் இதையே ஒரேயடியாகத் தசையில் ஊசியாகக் குத்திவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கர்ப்பப்பை கிழிவதற்கும் குழந்தை மூச்சு முட்டுவதற்கும் அது வழி. மாட்டுக்குப் போட்டுப் பால் கறக்கும் ஊசியும் இந்த மருந்துதான் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம்.

இம்மருந்தால் வரும் வலி, தானாக வரும் வலியைப் போலச் சிறுகச் சிறுக வளராமல் விரைவிலேயே கடுமையாகிவிடுவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். வலி தணிக்கும் மருந்து கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதுகில் போடும் ஊசி கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். குழந்தையின் துடிப்பை அடிக்கடியோ இடைவிடாமலோ பார்க்க வேண்டியிருப்பதால் நடமாட்டம் குறையும். மருந்து நெடுநேரம் ஓடியிருந்தால் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு அதிகமாகாமல் கவனிப்பார்கள்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சீரகக் கஷாயம் கொடுத்து, சூட்டு வலியா உண்மை வலியா என்று பார்ப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. விளக்கெண்ணெய் அப்படியல்ல. அது குடலைக் கலக்கிப் பேதியாக்கி, பெரும் பிரயாசைக்குத் தயாராக வேண்டிய பெண்ணைச் சோர்ந்து போகச் செய்யும்.

வலியை வரவழைத்தால் கடைசியில் ஆபரேஷனில்தான் முடியும் என்ற பேச்சு நாம் இருந்த தாழ்வாரத்திலும் பலமாக அடிபட்டது. 2018-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், வேறு நோயில்லாத முதற் கர்ப்பிணிகள் ஆறாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். 39-வது வாரத்தில் வலியை வரவழைத்தவர்களில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் ஆபரேஷன் தேவைப்பட்டது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளின் வசதிகள் எங்கும் உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் அந்தப் பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை. குழந்தையின் துடிப்பும் தாயின் நிலையும் சரியாயிருக்கும் வரையில், குடம் உடைத்து 12 முதல் 18 மணி நேரமாவது ஆக்ஸிடோஸின் ஓடிய பிறகே பலிக்கவில்லை என்று தீர்மானிப்பது முறை. துடிப்புக் குறைந்தாலோ நிலைமை வேறு. அப்போது ஆபரேஷனுக்கு ஒரு நிமிஷமும் தயங்கக்கூடாது.

ஆகவே போகிறவர்கள் கேட்க வேண்டியவை இவை: என்ன காரணத்துக்காக? வாய்க்கு எத்தனை மார்க்கு? எந்த முறை, அது பலிக்காவிட்டால் அடுத்தது எது? இரவில் துடிப்பைப் பார்க்க யார் இருப்பார்கள்? அவசரமானால் ஆபரேஷன் அங்கேயே நடக்குமா?

நம் மருமகளுக்கு வெள்ளிக்கிழமை காலை குழாய் நழுவி விழுந்தது. மத்தியானம் குடம் உடைத்துச் சொட்டு ஏற்றினார்கள். ஆறரை மணி வந்தது, போயிற்று. சம்பந்தி பஞ்சாங்கத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். சனிக்கிழமை விடியற்காலை மூன்றே கால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2 கிலோ 700 கிராம். தாயின் ரத்த அழுத்தம் இறங்கிச் சரியாக மூன்று வாரம் ஆயிற்று. அதுவரையில் தினமும் பார்த்துக் குறித்து வைத்தார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று. நம் தாயார் மட்டும் இன்னும் அதைப் "போலிக் குழாய்க்காரி" என்றுதான் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.