தறி ரூமில் ஒரு டீக்கி பார்: சுவரில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரே கேள்வி, "ப்ரோ, பின்னாடி ஒரு பாய் சுவர் தெரியுதே, அது என்ன செட்டப்?" அதுக்கான பதில்தான் இந்த எபிசோட்.

நான் இப்போ வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கறேன். ஊர் களம்பூர். ட்ரெயின்ல வந்தா ஸ்டேஷன் போர்டுல "ஆரணி ரோடு"ன்னு இருக்கும், ஆனா இறங்கினா களம்பூர். எங்க வீட்டு முன்ரூம் ஒரு காலத்துல தறி ரூம். அப்பா ஆரணிப் பட்டு நெய்தவர். கண்ணும் முதுகும் ஒத்துழைக்கலன்னு தறியைக் கழட்டிக் கொடுத்துட்டார். குழியை மூடி சிமெண்ட் போட்டாச்சு. ரூம் சும்மா கிடந்துச்சு. வாரக் கடைசியில நண்பர்கள் வந்தா உட்கார ஒரு டீக்கி பார் பண்ணலாம்னு எனக்கு ஐடியா.

"என்னடா, வீட்லயா பார்?"னு அம்மா முகம் மாறிடுச்சு. "நன்னாரி சர்பத், பன்னீர் சோடா மட்டும்தாம்மா"ன்னு சத்தியம் பண்ணி பர்மிஷன் வாங்கினேன்.

முதல்ல டீக்கி பார்னா என்ன? அமெரிக்காவுல 1933 டிசம்பர்ல மதுவிலக்கு நீங்குச்சு. அதை ஒட்டி எர்னஸ்ட் கான்ட்னு ஒருத்தர் ஹாலிவுட்ல ஒரு சின்ன பார் திறந்தார். கடலோரமா சுத்தினப்போ சேர்த்த மூங்கில், வலை, மரச் சாமான் எல்லாத்தையும் சுவர்ல மாட்டி, பசிபிக் தீவு மாதிரி ஒரு செட் போட்டார். அப்புறம் தன் பேரையே டான் பீச்னு மாத்திக்கிட்டார். ஓக்லண்ட்ல விக்டர் பெர்ஜெரான் அதே வழியில 'ட்ரேடர் விக்ஸ்' நடத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு பசிபிக்லேர்ந்து சிப்பாய்கள் வீடு திரும்பினதும் அது பெரிய அலையாச்சு. ஆளுங்க வீட்டு பேஸ்மெண்ட்லயே சொந்தமா கட்ட ஆரம்பிச்சாங்க.

அந்தச் சுவருக்கு ஒரு லாஜிக் இருக்கு. வெறும் சுவர் கண்ணுல படவே கூடாது. பின்னாடி ஒரு அடுக்கு பாய். பாயும் பாயும் சேர்ற இடத்தை மறைக்கப் பிளந்த மூங்கில். அதுக்கு மேல பொருட்கள்: வலை, ஜப்பான் மீனவர்கள் பயன்படுத்தின கண்ணாடி மிதவைகள், செதுக்கின முகங்கள். லைட் மங்கலா, பக்கவாட்டுல விழணும். நேரா அடிச்சா எல்லாம் தட்டையாயிடும். சாய்வா விழுந்தாதான் பின்னலோட மேடு பள்ளம் நிழலாத் தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மெட்டீரியல். ஹவாய்ல சுவருக்கும் தரைக்கும் போடுற பாய்க்கு 'லௌஹாலா'ன்னு பேர். ஹாலா மரத்தோட இலைன்னு அர்த்தம். ஹாலா எதுன்னு தேடினா, நம்ம தாழையோட சொந்தக்காரன், ஒரே பேரினம்! கேரளாவுல கொல்லம் பக்கம் தழவாவுல இன்னைக்கும் தாழை ஓலையில 'தழப்பாய்' பின்றாங்க. எங்க ஊர்ப் பட்டுப் புடவை பார்டர்ல வர்ற தாழம்பூ ரேக்கும் இதே குடும்பம்தான். இன்னொண்ணு 'டாப்பா'. மரப்பட்டையை ஊறவெச்சு, அடிச்சு விரிச்சு செய்ற துணி. அந்த மரம், பட்டுப்புழு தின்ற மல்பெரிக்கு உறவு.

அப்போ ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல செலவு பண்ணி இறக்குமதிப் பாய் எதுக்கு? எங்க மாவட்டத்துலயே வந்தவாசி இருக்கு, கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர். போய் சாயம் போடாத பாயா வாங்கிட்டு வந்தேன்.

மாட்டற முறை இதுதான். நம்ம ஊர்ச் சுவர் மழைக்காலத்துல ஓதம் காக்கும். பாயை நேரா சுவர்ல ஒட்டினா பின்னாடி பூஞ்சை பிடிச்சு நாறும். அதனால முதல்ல ஒரு இஞ்ச் மர ரீப்பர் அடிச்சு, அதுமேல பாயை இழுத்துக் கட்டணும். கீழே தரையிலேர்ந்து அரை அடி விடணும், கரையான் ஏறினா கண்ணுக்குத் தெரியும். மூங்கில்ல பூச்சி விழுந்தா மாவு மாதிரி கொட்டும். அதுக்கு வெங்காரமும் போரிக் பவுடரும் கலந்த தண்ணியில ஊறவெச்சு, நிழல்ல நல்லா காயவைக்கணும். ஆமா, கேரம் போர்டுக்குப் போடுறோமே, அதே போரிக் பவுடர்தான்.

தீ விஷயம் இந்த எபிசோட்லயே முக்கியம். 1942 நவம்பர் 28, பாஸ்டன்ல 'கோகோநட் க்ரோவ்'னு ஒரு நைட் கிளப். தென்னந்தோப்புன்னு பேர், உள்ளே செயற்கைத் தென்னை மரங்கள், மேலே துணி அலங்காரம். தீப்பிடிச்சு நிமிஷக் கணக்குல பரவுச்சு. சுழல் கதவு அடைச்சுக்கிச்சு, வேற சில கதவுகள் பூட்டிக் கிடந்துச்சு. 492 பேர் இறந்தாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளி. கீத்துக் கூரை. 94 குழந்தைகள்.

அதனால பாருக்கு மேல கீத்து வேயணும்ங்கற ஆசையை நான் விட்டுட்டேன். மெழுகுவர்த்தி கிடையாது, சூடாகாத எல்இடி மட்டும். சுவிட்ச் போர்டைச் சுத்தி ஒரு அடி வெறும் சுவர். பாய் சீலிங் வரைக்கும் போகாது. வாசல் பக்கச் சுவர்ல எதுவுமே இல்ல. போரிக் கலவை தீப்பிடிக்கறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனா அதை நம்பி விளக்கு ஏத்தாதீங்க.

அடுத்தது முகங்கள். மாவோரி மரபுல டீக்கிங்கறது முதல் மனிதனோட பேர். பாலினீசியத் தீவுகள்ல முன்னோரையும் தெய்வங்களையும் அப்படிச் செதுக்கறாங்க. அதோட நகலை மக் மாதிரி வாங்கி அதுல ஸ்ட்ரா போட்டுக் குடிக்கறது இன்னைக்கு அந்த மக்கள்ல பலருக்கு வருத்தம். நம்ம பிள்ளையாரை எவனாவது பார் கவுண்டர்ல வெச்சா நமக்கு எப்படி இருக்கும்? "சரி, சாமி முகம் வேண்டாம், நம்ம வீட்டுப் பொருளே மாட்டுவோம்"னு ரொம்பப் பெருமையா முடிவு பண்ணினேன்.

பரண்ல அப்பாவோட ஜக்கார்டு அட்டைகள் இருந்துச்சு. புரியாதவங்களுக்கு: ஒவ்வொரு அட்டையும் ஒரு ஊடைக்கு. ஓட்டை இருந்தா அந்த இடத்துப் பாவு இழை மேலே தூக்கும், இல்லன்னா அப்படியே இருக்கும். ஒண்ணு, பூஜ்யம். 1804ல ஜக்கார்டு இந்த முறையைக் கொண்டு வந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னாடியே ப்ரோக்ராம். ஒரு கோடருக்கு இதைவிட நல்ல வால் ஆர்ட் கிடைக்குமா? கோத்திருந்த கயிறை அறுத்தேன். 36 அட்டையையும் பார்க்க அழகா, ஆறு வரிசையா ஆணி அடிச்சேன்.

சாயங்காலம் அப்பா வந்து நின்னார். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒரு அட்டையோட மூலையைத் தொட்டார்.

"டேய், நம்பர் பார்த்தியா? பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு வருது."

முதல் அட்டையில அவர் கையெழுத்துல பென்சில்ல "தாழம்பூ ரேக்கு"ன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு அது பேட்டர்ன். அவருக்கு அது படிக்கத் தெரிஞ்ச ஒரு வாக்கியம், அதை நான் வார்த்தை மாத்தி, ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். அடுத்தவங்க சாமிக்கு அவ்வளவு யோசிச்ச நான், சொந்த அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அன்னைக்கு ராத்திரி ஆணியை எல்லாம் பிடுங்கினோம். அப்பா நம்பர் சொல்லச் சொல்ல நான் கோத்தேன். ஆணி ஓட்டை விழுந்த அட்டைகளுக்குப் புது அட்டை வெட்டி, அவரே குத்தினார். முழுச் சங்கிலியா, ஒரு மூங்கில்ல சும்மா தொங்க விட்டோம். எப்ப வேணா கழட்டலாம்.

இப்போ என் ரூல் அதுதான்: யாருக்காவது வேலைக்கு ஆகற பொருளை மாட்டறதுக்கு முன்னாடி கேளுங்க. மாட்டினா, சேதமில்லாம கழட்டற மாதிரி மாட்டுங்க.

போன மாசம் பக்கத்துத் தெரு நெசவாளர் அண்ணன் ஒருத்தர் வந்தார். "அந்த ரேக்கு அட்டை இருக்காமே, ஒரு புடவைக்கு வேணும்"னார். அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்ல, கழட்டிக் கொடுத்துட்டார். வீடியோவுல பாய் சுவர் நடுவுல ஒரு வெறும் மூங்கில் தெரியுதே, அங்கேதான் அது இருந்துச்சு. புடவை தறியிலேர்ந்து இறங்கினதும் திரும்பி வரும்.

உங்க வீட்டுச் சுவர்ல என்ன இருக்குன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.