கேட்கும் நேரம், எழுதும் நேரம்

பாடம் நடத்தும்போது வகுப்பே தலையாட்டுகிறது. கேள்வி கேட்டால் பதில் வருகிறது. குறிப்பேடும் நிறைந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே பாடத்தில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பாதி வகுப்பு மௌனமாகிவிடுகிறது. “அன்றைக்கே நடத்தினோமே, எங்கே போயிற்று?” என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். வீட்டில் படிப்பதில்லை என்பது நம் கைவசம் எப்போதும் இருக்கும் காரணம். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் இன்னொரு காரணம் அந்தப் பாடவேளைக்குள்ளேயே இருக்கிறது. கற்கும் நேரத்தில் மாணவரின் கவனம் எத்தனை முறை வேலை மாறியது என்பதுதான் அது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை. நான் எட்டாம் வகுப்பில் செய்கிறேன். உயிரெழுத்துகளை வரிசையாக எழுதத் தெரிந்த எந்த வகுப்பிலும் செய்யலாம். 1 முதல் 12 வரை எழுதிவிட்டு, அடுத்த வரியில் அ முதல் ஔ வரை எழுதச் சொல்லுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே 24 குறிகளையும் 1, அ, 2, ஆ, 3, இ என்று மாற்றி மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டியவை அவையேதான். ஆனாலும் இரண்டாம் முறை நேரம் கூடுகிறது. எ, ஏ, ஐ பக்கம் வரும்போது பலர் பேனாவை நிறுத்தி, உதட்டை அசைத்து, ‘அ’விலிருந்து மறுபடி சொல்லிப் பார்க்கிறார்கள். ஒரு வேலையின் ஒழுங்கை ஒதுக்கிவைத்து, அடுத்த வேலையின் ஒழுங்கை எடுக்க மூளைக்கு ஆகும் செலவு இது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்டு, ஒரே வகை வேலை கொண்ட பட்டியலையும் இரு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்யும் பட்டியலையும் ஒப்பிட்டு, இந்தச் செலவை 1927ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார்.

நேரம் மட்டும் போனால் பரவாயில்லை, நினைவும் போகிறது என்பதுதான் சிக்கல். ரிக்டர், யங் என்னும் இருவர் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படத்தையும் சொல்லையும் ஒன்றாகக் காட்டி, சில முறை படத்தை மட்டும், சில முறை சொல்லை மட்டும் கவனிக்கச் செய்தார்கள். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தபோது, கவனிக்க வேண்டியது பின்னர் நன்றாக நினைவில் இருந்தது. வேலை மாறிய இடங்களில் அந்த நினைவு குறைந்தது. கவனிக்கத் தேவையில்லாதது கூடுதலாக நினைவில் நின்றது! அதாவது வேலை மாறும்போது மனம் மூடிக்கொள்வதில்லை. எதை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற தேர்வுதான் தளர்ந்துபோகிறது. பாடத்தை மறந்த மாணவர், அன்று சன்னலில் வந்து உட்கார்ந்த அணிலை மறக்காததில் வியப்பில்லை.

ஆசிரியர்களுக்கு இதைவிட முக்கியமானது என நான் கருதுவது, 2006இல் ஃபோர்டே, நோல்டன், போல்ட்ராக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. அட்டைகளைப் பார்த்து மழையா வெயிலா என்று கணிக்கப் பழக வேண்டும். ஒரு பகுதியில் அதை மட்டும் செய்தார்கள். இன்னொரு பகுதியில், இடையிடையே ஒலித்த ஓசைகளையும் எண்ணிக்கொண்டே செய்தார்கள். கணிப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பிறகு, எந்த அட்டை எதைக் குறிக்கிறது என்று வேறு விதமாகக் கேட்டபோது, ஓசையை எண்ணிக்கொண்டு கற்றதைப் பற்றிய அறிவு மெலிந்திருந்தது. கற்ற நேரத்தில் தெரியாத குறை, கேள்வி மாறியபோது வெளிப்பட்டது.

நம் வகுப்பில் இது எங்கே நடக்கிறது? கரும்பலகையில்தான். ஒளி எதிரொளித்தலை எடுத்துக்கொள்வோம். படுகோணம், எதிரொளிப்புக் கோணம் என்று எழுதிக்கொண்டே, கோணத்தை ஆடியின் பரப்பிலிருந்து அல்ல, செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று விளக்குகிறோம். மாணவர் அப்போது என்ன செய்கிறார்? நிமிர்ந்து இரண்டு சொல்லைப் பார்க்கிறார், குனிந்து எழுதுகிறார், விட்ட இடத்தைத் தேடுகிறார், நடுவில் நம் குரலையும் கேட்க முயல்கிறார். இது ஒரு வேலை அல்ல. கேட்பதும் படியெடுப்பதும் மாறி மாறி நடக்கும் இரண்டு வேலைகள். குறிப்பேட்டில் வரையறை பிழையின்றி இருக்கும். ஒளிக்கதிர் ஆடியின் பரப்போடு 30° கோணத்தில் விழுந்தால் படுகோணம் எவ்வளவு என்று அடுத்த வாரம் கேட்டால், 60° என்பதற்குப் பதில் 30° என்று வரும். மெதுவாக எழுதும் குழந்தைக்கு இழப்பு இன்னும் அதிகம். அதைக் கவனக்குறைவு என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம்.

ஆகவே நான் கேட்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுகிறேன். புதிய கருத்து வரும்போது பேனா மேசைமேல் இருக்கும். விளக்கி முடித்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். அதன் பிறகே எழுத்து. எழுதும்போது நான் பேசுவதில்லை. (பேசாமல் நிற்பது ஆசிரியருக்கு எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.) பாடம் முடியாமல் போகும் என்ற அச்சம் நியாயமானது. எழுத வேண்டியதைக் குறைத்தால் நேரம் கிடைக்கிறது. பாடநூலில் உள்ள வரையறையை மீண்டும் குறிப்பேட்டில் படியெடுக்க வேண்டிய தேவை இல்லை.

சுற்றறிக்கையும் இப்படித்தான். விளக்கத்தின் நடுவில் குறிப்பேடு வந்து, “நாளை ஆதார் நகல் கொண்டுவர வேண்டும்” என்று அறிவித்துவிட்டுத் தொடர்ந்தால், விட்ட வாக்கியத்திலிருந்து தொடங்குவது நாம் மட்டுமே. தலைமையாசிரியரிடம் பேசி, அவசரமற்ற அறிவிப்புகளைப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ள முடிந்தால் நல்லது.

முழுப் பாடவேளையையும் இப்படிக் காக்க வேண்டியதில்லை. கிரெய்க்கும் அவருடைய குழுவினரும் 1996இல் காட்டியபடி, கவனம் பிரிவதால் பெரிய சேதம் விளைவது புதிதாகக் கற்கும் நேரத்தில்தான். கற்றதை நினைவுகூரும்போது சேதம் மிகக் குறைவு. காக்க வேண்டியவை புதிய கருத்து அறிமுகமாகும் அந்தச் சில நிமிடங்கள். பல வகைக் கணக்குகளைக் கலந்து பயிற்சி கொடுப்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மாணவர் ஒரு கணக்கை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகிறார், எந்த முறை பொருந்தும் என்று யோசிக்கவும் செய்கிறார். அது நினைவுக்கு உதவுகிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் நிலை கடினமானது. அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் ஒரே அறையில் இருக்கும்போது, ஒரு குழுவுக்கான விளக்கம் மற்ற இரு குழுக்களின் காதிலும் விழும். ஒரு குழுவுக்குப் புதியதைத் தொடங்கும்போது மற்ற இரண்டுக்கும் ஏற்கெனவே பழகிய பயிற்சியைக் கொடுக்கலாம். மூன்றுக்கும் ஒரே நாளில் புதியது வராதபடி வாரத் திட்டத்தை அமைக்கலாம். புதியதைக் கற்கும் குழு, மற்றவர்களுக்கு முதுகு காட்டி நம்மைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தாலே போதும், பாதிச் சிக்கல் குறைகிறது.